ஊழியத்தோடு பிணைந்த உரிமை: திருக்கோகர்ணத்தை முன்வைத்துக் கோயில் மானியங்களின் கைமாற்றத் தடை

ஆய்வுச் சுருக்கம்

கோயிற் பணிக்காக வழங்கப்பட்ட மானிய நிலத்திற்கு உரிமைப் பட்டயம் உண்டு, அனுபவம் உண்டு, வாரிசுரிமையும் உண்டு. ஆயினும் அதனை விற்க இயலாது. இத்தடை எதனைக் காக்க எழுந்தது, காலப்போக்கில் எதனைக் காக்கும் தடையாக மாறியது என்பதைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசின் குலதெய்வத் தலமாகிய திருக்கோகர்ணத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊழிய மானியம், காணி, முறை, இனாம், உரிமைப் பட்டயம், திருக்கோகர்ணம், அறநிலையச் சட்டம்

முன்னுரை

இந்திய அறக்கட்டளைச் சட்டம் 1882ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 58ஆம் பிரிவின்படி, தனியார் அறக்கட்டளை ஒன்றில் பயனுரிமை பெற்றவர், ஒப்பந்தம் செய்யும் தகுதியுடையவராயின், தம் உரிமையைப் பிறருக்கு மாற்றித் தரலாம். இன்றைய பரஸ்பர நிதியங்களின் யூனிட்டுகள் எளிதிற் கைமாறுவதும் இத்தகைய எண்ணத்தின் மீதே நிற்கிறது. அங்கே சான்றிதழை வைத்திருப்பவர் பயன்பெறுபவர் மட்டுமே. அவர் செய்ய வேண்டிய பணி எதுவுமில்லை. ஆகவே, அவர் யார் என்பது நிதியத்திற்கு ஒரு பொருட்டன்று.

அதே சட்டத்தின் முதற் பிரிவு, சமய அறநிலையங்களையும் தரும அறநிலையங்களையும் இச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவிடுகிறது. கோயிலில் மேளம் வாசிப்பவர், மாலை கட்டுபவர், விளக்கேற்றுபவர், மெய்காவல் புரிபவர் ஆகியோரும் ஓர் அறநிலையத்தின் பயனில் பங்கு பெறுபவர்களே. ஆனால் அவர்தம் பங்கு பணிக்கு ஈடானது. பங்கு கைமாறினால் பணி யாரிடம் செல்லும் என்ற கேள்வி உடன் எழுகிறது. கைமாற்றத் தடையின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்விக்குத் தரப்பட்ட வெவ்வேறு விடைகளின் வரலாறாகவே காணலாம்.

தஞ்சைக் கல்வெட்டில் பங்கும் தகுதியும்

இக்கேள்விக்கான தெளிவான பழைய விடை தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (கி.பி. 1014) நீண்ட கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், நட்டுவம் செய்வார், இசைப்போர், கணக்கர் முதலிய பிற பணியாளரையும் பட்டியலிடுகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது அதன் அளவு. ‘பங்கு’ என்னும் அச்சொல்லே இன்று நிறுமங்களின் மூலதனக் கூறுக்கும் வழங்குவது கருதத்தக்கது.

பங்கு வெறிதானால் என்ன செய்வது என்பதையும் அக்கல்வெட்டு வரையறுத்துள்ளது. பங்குடையார் இறந்தாலோ வேற்றூர் சென்றுவிட்டாலோ, அவருக்கு அடுத்த முறையினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்யவேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணியைச் செய்விக்கவேண்டும். முறையினர் எவருமில்லையெனில், அப்பணிக்குழுவினரே தகுதியானவரைத் தேர்ந்து அமர்த்தவேண்டும்.

இங்கு விற்பனை பற்றிய பேச்சே இல்லை. எனினும் உரிமை கைமாறுவதற்கான வழி மூன்று படிகளில் வகுக்கப்பட்டுள்ளது. குருதிவழி முதலிற் கருதப்படுகிறது; ஆனால் அதுவே இறுதி அளவுகோல் ஆகவில்லை. பணி செய்யும் தகுதியே ஒவ்வொரு படியிலும் மீண்டும் வந்து நிற்கிறது. தகுதியில்லாத வாரிசுக்குக் காணியை மறுக்காமல், ஆளமர்த்தும் கடமையை மட்டும் அவர்மேல் சுமத்தியிருப்பது இவ்வேற்பாட்டின் நுட்பம். பிற்காலச் சட்டங்கள் பலவற்றில் இந்த நெகிழ்வைக் காண இயலவில்லை.

பிரகதாம்பாளின் அடியார்களும் அரசரும்

திருக்கோகர்ணம் புதுக்கோட்டை நகரை ஒட்டிய ஊர். குடைவரையில் கோகர்ணேசுவரரும், பிற்காலக் கட்டுமானத்தில் பிரகதாம்பாளும் கோயில் கொண்டுள்ளனர். மக்கள் வழக்கில் அம்மன் ‘அரைக்காசு அம்மன்’. நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு வழங்கப்பட்ட அம்மன் காசால் வந்த பெயர் அது. ஒருபுறம் அம்மன் உருவமும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல்லும் கொண்ட அச்சிறு செப்புக்காசு, நாணயவியலார் நன்கறிந்தது.

தொண்டைமான் மன்னர்கள் ‘பிரகதாம்பாதாஸ்’ என்னும் பட்டத்தைத் தம் பெயரோடு சூடினர். 1750இல் மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துப் பத்மநாபதாசராக ஆண்டதை இதனோடு ஒப்பிடலாம். இதனை வெறும் சமயப் பணிவாகக் கொள்வது போதாது. அரசரே தெய்வத்தின் ஊழியர் என்றால், அவர் கொடுத்த நிலங்களும் ஏதோ ஓர் ஊழியத்தின் பொருட்டே கொடுக்கப்பட்டவை என்ற கருத்து நாடெங்கும் பரவி நிற்கிறது.

நில அளவும் அதனையே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆவணங்களைக் கொண்டு நிக்கோலஸ் டர்க்ஸ் தம் ‘தி ஹாலோ கிரவுன்’ (1987) நூலில் தரும் கணக்கின்படி, புதுக்கோட்டையின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு வரியற்ற மானியமாக இருந்தது. எண்ணிக்கையில் அம்மானியங்களுள் 30 விழுக்காடு படையினர்க்கும் அரண்மனைப் பணியாளர்க்கும், 25 விழுக்காடு ஊர் அலுவலர், கைவினைஞர், ஊழியர்க்கும் உரியவை. எஞ்சிய 45 விழுக்காடு கோயில், மடம், சத்திரம், பிராமணர் குடியிருப்பு ஆகியவற்றைச் சேர்ந்தது. வரி கொடுக்கும் நிலத்தைவிடப் பணி கொடுக்கும் நிலமே மிகுதி.

1888: பணியும் நிலமும் பிரிந்த கதை

ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் பணி தொடங்கியது. தனியாரின் மானியங்கள் ஒரு குறைந்த தீர்வைக்கு ஈடாக விடுவிக்கப்பட்டு, உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. சமய மானியங்களுக்கும் பட்டயம் வழங்கப்பட்டது. ஆனால் கோயில் பேணப்படும்வரை அல்லது பணி நடைபெறும்வரை என்ற வரம்பு அவற்றிற்கு உண்டு. பழைய கிரயப் பத்திரங்களில் ‘டி.டி. நம்பர்’ என்று காணப்படுவது இப்பட்டயத்தின் எண்ணே.

புதுக்கோட்டையில் இம்முயற்சி 1888இல் நடந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் வயதுவராச் சிறுவராக இருந்த காலம். ஆட்சிப் பொறுப்பு திவான் அ. சேஷய்ய சாஸ்திரியிடம் இருந்தது. போர் ஓய்ந்த நாட்டில் படைமானியம் பொருளற்றது என்பது நிருவாகத்தின் வாதம். ஊழியம் நீக்கப்பட்டது, நிலத்தின்மேல் தீர்வை விதிக்கப்பட்டது, மானியதாரர் நிலவுடைமையாளர் ஆனார். அரசருக்கும் குடிக்கும் இடையே இருந்த பணியுறவு ஒரு பட்டயத்தாளில் முடிந்துபோயிற்று என்று டர்க்ஸ் வழி நின்று கூறலாம்.

கோயிற் பணியோடு பிணைந்த ஊழிய மானியங்களின் நிலை வேறு. போர்வீரன் தேவையற்றுப் போகலாம். திருக்கோகர்ணத்தில் அன்றாடம் விளக்கெரிய வேண்டும், மாலை கட்ட வேண்டும், நாகசுரம் ஒலிக்க வேண்டும். ஆகவே ஒரே நாட்டில், அடுத்தடுத்த வயல்களில், தோற்றத்தில் ஒன்றுபோன்ற இருவகை உரிமைகள் உருவாயின. ஒன்று விற்கத்தக்கது, மற்றொன்று விற்கவொண்ணாதது. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் நிலமே. பின்னாளில் எழுந்த வழக்குகளின் வேர் இங்கேதான் உள்ளது.

மானியத்தின் இயல்பு

நீதிமன்றங்கள் இச்சிக்கலை மானியத்தின் தன்மையைக் கொண்டு தீர்க்க முயன்றன. 1870இல் பிரிவி கவுன்சில் வகுத்த வேறுபாடு இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பணிப்பொறுப்பு ஒன்றை அளித்து, அதற்கு ஊதியமாக நிலத்தை அனுபவிக்க விடுவது ஒருவகை. நிலத்தையே ஒருவருக்கு அளித்து, அதன்மேல் ஒரு பணியைச் சுமத்துவது மற்றொரு வகை. முதல்வகையில் நிலம் பணிப்பொறுப்பின் நிழல்; அதனைத் தனியே பிரித்து விற்க இயலாது. இரண்டாம் வகையில் நிலம் அவருடையது, சுமையோடு கைமாறலாம்.

கேட்கத் தெளிவாக உள்ள இவ்வேறுபாடு நடைமுறையில் எளிதன்று. பழைய செப்பேடுகளோ ஓலைச் சாசனங்களோ பிரிவி கவுன்சிலின் இலக்கணத்தை முன்னறிந்து எழுதப்பட்டவை அல்ல. ‘இன்னாருக்கு, இன்ன பணிக்கு, சந்திராதித்தவரை’ என்ற வாய்பாடு இருவகைக்கும் பொருந்தும். வாய்பாட்டை மட்டும் கொண்டு வகை பிரிப்பது ஆவணத்தின்மேல் அதற்கு உரியதல்லாத கேள்வியைத் திணிப்பதாகும்.

நிலத்தை விடுத்து, பணிப்பொறுப்பையே விற்றால்? மலபாரில் ஒரு கோயிலின் ஊராளர்கள் தம் ஊராண்மையை ஓர் அரசருக்கு விற்ற வழக்கில், 1870களில் பிரிவி கவுன்சில் அவ்விற்பனை செல்லாது என்றது. வழிபாட்டுரிமை சொத்தின் இயல்பும் உடையது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சொத்து என்பதால் வாரிசுக்குச் செல்லும். ஆயினும் பணத்திற்காக அயலாருக்கு மாற்றுவது செல்லாது என்பதை 1974இல் அந்நீதிமன்றமே உறுதிசெய்தது. பணம் பெறாமல், அடுத்த முறையினருக்கோ உடன்முறைகாரருக்கோ விட்டுக்கொடுப்பது மட்டும் விலக்கு. தஞ்சைக் கல்வெட்டின் முதற்படி ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகளுக்குப் பின் தீர்ப்பில் மீண்டும் தோன்றுகிறது. தகுதி பற்றிய இரண்டாம் படி அங்கே அழுத்தம் பெறவில்லை.

இத்தகைய தயக்கம் இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் திருச்சபைக்குக் குருவை முன்மொழியும் உரிமை நெடுங்காலம் வெளிப்படையாக விலைபோயிற்று. 1898இல் அவ்விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1923ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவந்தது. இங்கே தொடக்கத்திலேயே ஐயத்தோடு நோக்கப்பட்ட ஒன்றை, அங்கே சட்டம் இருபதாம் நூற்றாண்டில்தான் தடுத்தது.

ஆளை விடுவித்து நிலத்தை விடாமை

தடையின் கடுமை மிகுதியாகத் தைத்தது தேவதாசியர் குடும்பங்களையே. பொட்டுக்கட்டு நின்றால் மானியம் போகும் என்ற அச்சம், வழக்கத்தைத் தொடரச் செய்த காரணங்களுள் ஒன்று. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றிய 1929ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இம்முடிச்சை நேரடியாக அவிழ்த்தது. தேவதாசியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். நிலம் அவர்களிடமே நின்றது. கோயிலுக்கு வாரம் செலுத்தும் கடப்பாடு மட்டும் எஞ்சியது.

இச்சட்டம் பெரும்பாலும் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் மட்டுமே பேசப்படுகிறது. நிலவுரிமை வரலாற்றிலும் அதற்கு உரிய இடம் தரப்படவேண்டும். பணியையும் நிலத்தையும் பிரிக்கும்போது பணியாளர் வெறுங்கையோடு வெளியேற வேண்டியதில்லை என்பதை அது நிறுவியது. புதுக்கோட்டை அப்போது தனி அரசாக இருந்தமையால், முத்துலட்சுமியின் பிறந்த மண்ணுக்கு அம்மாகாணச் சட்டம் பாயவில்லை என்பது வரலாற்றின் முரண்.

இதற்கு எதிர்த்திசையில் சென்றது 1934ஆம் ஆண்டின் திருத்தம். 1926ஆம் ஆண்டின் சமய அறநிலையச் சட்டத்தில் 44-பி பிரிவைச் சேர்த்து, கோயிற் பணிக்கான இனாம்களின் பரிமாற்றம், தானம், விற்பனை, அடமானம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆகிய அனைத்தையும் அது செல்லாதவை ஆக்கியது. 1870ஆம் ஆண்டு வேறுபாட்டை இனி ஆராய வேண்டியதில்லை. நிலத்தின்மேல் பணி இருந்தால் தடையும் உண்டு.

இணைப்புக்குப் பின்

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. தனி மாவட்டமானது 1974இல். மாகாணத்தின் அறநிலையச் சட்டங்கள் பிரகதாம்பாள் கோயிலையும் உள்ளடக்கின. இன்று நடைமுறையில் உள்ள 1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டத்தில் இரண்டு தடைகளைப் பிரித்துணர வேண்டும். 34ஆம் பிரிவு கோயிலின் அசையாச் சொத்தைப் பற்றியது: கோயிலுக்குத் தேவையானது அல்லது நன்மை தருவது எனக் கண்டு ஆணையர் இசைவளித்தால் விற்பனை செல்லும். 41ஆம் பிரிவு ஊழிய இனாமைப் பற்றியது. மேற்சொன்ன 44-பி பிரிவின் வழிவந்தது. விற்பனை செல்லாது என்பதோடு, நிலத்தை மீட்டு அறநிலையத்திற்கே மீண்டும் வழங்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு. பணி நின்றுபோனாலும் மீட்கலாம். இவ்விரு பிரிவுகளையும் ஒன்றெனக் கொண்டு எழுதப்படும் ஆய்வுரைகள் மிகுதி.

1963ஆம் ஆண்டில் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. அவற்றுள் 26ஆம் சட்டம் ‘புதுக்கோட்டை இனாம் எஸ்டேட்’ என்ற தனி வகையையே வகுத்தது. இணைந்த நாட்டின் நிலமுறை வேறானது என்பதற்குச் சட்டம் அளித்த ஒப்புதல் அது. சிறு இனாம்களுக்கான 30ஆம் சட்டம் நமக்கு மேலும் இன்றியமையாதது. கோயிலுக்காகவோ அதன் பணிக்காகவோ வழங்கிய இருவார மானியம் ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தால் என்ன செய்வது? 1960 ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன் 60 ஆண்டுகள் தொடர்ந்து தனியனுபவத்தில் இருந்தோர்க்கு ரயத்துவாரி பட்டா. 12 ஆண்டுகள் இருந்தோர்க்கு, நியாய வாரத்திற்கும் நிலவரிக்கும் உள்ள வேறுபாட்டின் 20 மடங்கைச் செலுத்தினால் பட்டா. பணியைத் தொடரும் ஊழியர் தொடரும்வரை நிலத்தை அனுபவிக்கலாம்; அல்லது அதே அளவுத் தொகையைக் கோயிலுக்குச் செலுத்திப் பணியிலிருந்து விடுபடலாம்.

செல்லாத விற்பனையைக் காலம் செல்லுபடியாக்குகிறது என்பதே இதன் பொருள். ஆளற்றுப்போன பணிக்காக, இரண்டு தலைமுறை உழுத குடும்பத்தை வெளியேற்றுவது முறையன்று என்று சட்டம் கருதியிருக்கலாம். ஆனால் 12 ஆண்டுக்கு ஓராண்டு குறைந்தவர் இந்த வாயிலுக்கு வெளியே நின்றார். விற்றவரின் பணி அவ்வாண்டுகளில் நடந்ததா என்பது எவ்விடத்தும் கேட்கப்படவில்லை.

1970இல் கொணரப்பட்டு 1971ஆம் ஆண்டின் 2ஆம் சட்டமாக வந்த திருத்தம் கோயிற் பணியில் பரம்பரை உரிமையை நீக்கியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. பணியமர்த்தம் என்பது உலகியல் செயல் என்றும், ஆகமம் வேண்டும் தகுதி காக்கப்படவேண்டும் என்றும் கூறியது. பணி குருதிவழியிலிருந்து பிரிந்தது. அப்பணிக்காக முன்னோர் பெற்ற நிலமோ வேறொரு சட்டத்தின் பதிவேட்டில் வேறொரு வழியிற் சென்றுகொண்டிருந்தது.

பதிவு அலுவலகத்தில்

இன்று இத்தடை செயற்படும் இடம் கோயிலன்று, சார்பதிவாளர் அலுவலகம். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்து, 2016 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய 22-ஏ பிரிவு, உரிய இசைவாணை இல்லாத அறநிலையச் சொத்தின் கைமாற்ற ஆவணத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது. சார்பதிவாளர் முன்னுள்ளவை ஒரு புல எண்ணும், அறநிலையத் துறை அளித்த பட்டியலும் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய நிலம் 1888இல் விடுவிக்கப்பட்ட படைமானியமா, 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 ஆண்டு அனுபவத்தால் பட்டா பெற்றதா, 20 மடங்கு செலுத்தி விடுபட்டதா, இன்றும் ஊழியச் சுமை தாங்குவதா என்பதை அப்பட்டியல் கூறுவதில்லை. முறையாக விடுபட்ட நிலத்தின் உடைமையாளரும் தம் மகள் திருமணத்திற்கு அதனை விற்க முடியாமல் நிற்கலாம். உண்மையான ஊழிய நிலம் பட்டியலில் விடுபட்டதால் கைமாறியும் போகலாம்.

ஆகவே புதுக்கோட்டைப் பகுதியின் கோயில் நிலங்களை ஆராய்வோர் ஒரு புல எண்ணுக்கு மூன்று தாள்களை ஒருங்கு வைத்துப் படிக்கவேண்டும்: தர்பார் கால இனாம் பதிவு, அதன்மேல் வழங்கிய பட்டயம், 1963ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் நிலவரித் திட்ட அலுவலர் பிறப்பித்த ஆணை. முதலாவது பணி எது என்பதைச் சொல்லும். இரண்டாவது அப்பணி எந்த வரம்போடு பிணைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். பிணைப்பு அவிழ்ந்ததா என்பது மூன்றாவதில் உள்ளது.