இருபலகக் கோப்பு முகாமைச் செயலிகள்: ஓர் ஒப்புநோக்கு

ஆவணமொன்றின் பெருமை அது எழுதப்பட்ட நாளிலன்று, வேண்டிய நாளில் அது கைக்கு எட்டும்போதே விளங்குவது. இவ்வுண்மையை மலையகத் தமிழ் மக்கள் துன்பத்தின் வாயிலாகக் கற்றனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையைச் சான்றுகாட்டி நிறுவ வேண்டியவராயினர். பிறப்புப் பதிவும் தோட்டப் பதிவேடும் கையிலில்லாதார் தம் வாழ்வே மெய்யெனக் காட்டவியலாது நின்றனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை நல்கியதாயினும், ஒரு தாளின் இழப்பு ஒரு குடும்பத்தின் இழப்பாகலாம் என்னும் பாடம் மறக்கற்பாலதன்று.

இன்று அத்தகைய பதிவேடுகளும், பாடசாலை மலர்களும், சங்க அறிக்கைகளும் ஒளிவருடப்பெற்றுக் கணினிக் கோப்புகளாகின்றன. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இவ்வாறே பேணி வருகின்றது. கண்டி மாநகரிலும், அதனைச் சூழ்ந்த கம்பளை, தெல்தோட்டை, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களிலும் இப்பணியை மேற்கொள்ள விழையும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கிடைப்பவை பெரும்பாலும் பழைய கணினிகளே. விலையின்றிப் பெறத்தக்க யுனிக்ஸ் வழி இயக்க முறைமைகள், சிறப்பாக லினக்ஸ், அவற்றுக்கு ஏற்றவை. கண்டிக்கு அணித்தே ஓங்கிநிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, பெடோரா முறைமையைத் தழுவி, இலங்கையர் ஆக்கிய 'ஹந்தானா லினக்ஸ்' இவ்வழியில் எழுந்த முயற்சிகளுள் ஒன்றாகும். ஆயின் கணினி எதுவாயினும், கோப்பினை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குப் படியெடுக்கும் கருவி யாது என்பதே ஆவணங் காப்போன் முதற்கண் ஆராய வேண்டுவது.

ஏட்டுச் சுவடியைப் படியெடுத்த முன்னோர் மூலத்தையும் படியையும் அருகருகே வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் ஒப்புநோக்குவர். சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்களின் உழைப்பிற் பெரும்பகுதி இவ்வொப்புநோக்கலிலேயே கழிந்தது. இருபலகக் கோப்பு முகாமைச் செயலியின் தத்துவமும் இதுவே. திரை இடமும் வலமுமாக இரு பலகங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்று மூலம் இருக்குமிடம், மற்றொன்று படி சேருமிடம். ஒரு பலகச் செயலியில் 'படியெடு' என்று கட்டளையிட்ட பின்னர், சேருமிடத்தைத் தேடிச் செல்லுங்கால் மூலம் கண்ணினின்றும் மறைகின்றது. பழைய படி புதியதன்மேற் பதிந்து அதனை அழித்தல் போன்ற இடர்கள் பெரும்பாலும் இம்மறைவிலேயே பிறக்கின்றன.

இவ்வமைப்பை உலகறியச் செய்தது, ஜோன் சோச்சா ஆக்கி 1986 ஆம் ஆண்டு டொஸ் முறைமைக்கென வெளிவந்த 'நோட்டன் கொமாண்டர்' ஆகும். நீலப் பின்னணியில் இரு பலகங்களும், அடியிற் கட்டளை வரியும் கொண்டது அது. எஃப் 3 பார்த்தற்கும், எஃப் 5 படியெடுத்தற்கும், எஃப் 6 இடம்பெயர்த்தற்கும், எஃப் 8 அழித்தற்கும் என அது வகுத்த மரபு இன்றளவும் இக்குடும்பச் செயலிகளில் நிலைத்துள்ளது. ஒன்றைக் கற்றவர் மற்றவற்றையும் எளிதிற் கையாளலாம் என்பது இதன் பயன்.

யுனிக்ஸ் உலகில் இவ்வழி வந்த மூத்த செயலி, மெக்சிக்கோ நாட்டு மிகேல் டி இக்காசா 1994 ஆம் ஆண்டு தொடங்கிய 'மிட்நைற் கொமாண்டர்' ஆகும். இது எழுத்து முனையத்திலேயே இயங்குவது. ஆதலின் மிகச் சிறிய நினைவகமுள்ள பழங் கணினியிலும் தடையின்றி ஓடும். வரைகலைத் திரை பழுதுற்ற கணினியிலிருந்து கோப்புகளை மீட்பதற்கும், தொலைவிலுள்ள கணினியொன்றைக் கையாளுதற்கும் இதனினும் ஏற்றது காண்டலரிது. இரு பலகங்களையும் ஒப்பிட்டு வேறுபடும் கோப்புகளைக் குறித்துக் காட்டும் ஆற்றலும் இதற்குண்டு. அவ்வொப்பீட்டைப் பருமனளவிலோ, உள்ளடக்கத்தை முற்றாகப் படித்தோ செய்யலாம். குறை யாதெனில், முனையத் திரைகள் பலவற்றிற் தமிழெழுத்தின் கொம்பும் காலும் இடம் பிறழ்ந்து தோன்றும். தமிழ்ப் பெயர் பூண்ட கோப்புகள் மலிந்தவிடத்து இது கண்ணுக்கு இடர் விளைக்கும்.

2000 ஆம் ஆண்டு தோன்றிய 'க்ருசேடர்' கேடிஈ மேசைச் சூழலைச் சார்ந்தது. இதன் தலையாய சிறப்பு ஒத்திசைவுக் கருவியாகும். இரு கோப்புறைகளையும் அவற்றின் உட்கிளைகளையும் ஒப்பிட்டு, எக்கோப்பு எப்பக்கம் செல்ல வேண்டுமென அம்புக்குறியாற் காட்டி, பயனர் இசைந்த பின்னரே செயற்படுவது அது. சரிபார்ப்புத் தொகை கணித்து, படி மூலத்தோடு முற்றும் ஒக்குமா என்று சோதிக்கவும் இச்செயலியில் இடமுண்டு. ஆயின் கேடிஈ நூலகங்கள் பலவற்றை உடன் வேண்டுவதால், வேறு சூழல் இயங்கும் பழங் கணினிக்கு இது சற்றுச் சுமையாகும்.

'டபிள் கொமாண்டர்' வேறொரு தேவையை நிறைவேற்றுவது. கிறிஸ்ரியன் கிஸ்லர் 1993 ஆம் ஆண்டு முதல் வின்டோஸ் முறைமைக்கென வளர்த்த செயலி, 2002 இல் 'ரோட்டல் கொமாண்டர்' எனப் பெயர் மாறியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்ததே டபிள் கொமாண்டர். இது லினக்ஸ், வின்டோஸ், மக் என்னும் மூவகை முறைமைகளிலும் ஒரே தோற்றத்துடன் இயங்கும். அலுவலகத்தில் வின்டோஸும் கணினிக் கூடத்தில் லினக்ஸும் வழங்கும் பாடசாலைக்கு இஃதொரு பெரும் வசதி. கோப்புறை ஒத்திசைவும், பல கோப்புகளை ஒருங்கே பெயர்மாற்றுதலும் இதன்கண் அடங்கும். படியெடுத்தவுடன் அப்படியைச் சரிபார்க்குமாறு பணிக்கும் தெரிவும் உண்டு. 'க்னோம் கொமாண்டர்' இவற்றினும் எளியது. அடிப்படைத் தேவைகளுக்குப் போதுமானது.

பொதுவான ஒரு பலகச் செயலிகளுள்ளும் சில, வேண்டும்போது எஃப் 3 விசையால் இரண்டாகப் பிரியும். டொல்பின், நேமோ ஆகியன அத்தகையன. 'துனார்' 2022 இல் வெளிவந்த 4.18 ஆம் பதிப்பில் இவ்வசதியைப் பெற்றது. க்னோம் சூழலின் 'நோட்டிலஸ்' 2012 ஆம் ஆண்டு தன் இரண்டாம் பலகத்தை நீக்கிவிட்டது. அவ்வாண்டிலேயே லினக்ஸ் மின்ற் குழுவினர் அதனின்றும் கிளைத்த நேமோவை வெளியிட்டனர். எப்போதேனும் ஒருகாற் படியெடுப்போருக்கு இவை போதும். நாடோறும் நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கையாள்வோருக்கு ஒப்பிடும் கருவி இன்றியமையாததாகலின், இவை போதா.

எச்செயலியைத் தெரியினும் விழிப்புடன் நோக்க வேண்டிய நுட்பங்கள் நான்குள. முதலாவது, இடம்பெயர்த்தலின் இயல்பு. ஒரே வட்டுப் பகுதிக்குள் எஃப் 6 விசை கோப்பின் முகவரியை மட்டுமே மாற்றும். பென் ட்றைவுக்கு அனுப்புங்காலோ முதலிற் படியெடுத்துப் பின்னர் மூலத்தை அழிக்கும். ஆகவே அரிய ஆவணத்தை எஃப் 5 விசையாற் படியெடுத்து, ஒப்புநோக்கிய பின்னரே மூலத்தை நீக்குதல் அறிவுடைமை. இரண்டாவது, லினக்ஸ் எழுதவேண்டியதை நினைவகத்திற் சிறிது பொழுது தேக்கிவைக்கும் இயல்புடையது. படியெடுத்து முடிந்ததெனத் திரை காட்டினும், முறைப்படி விடுவிக்காது பென் ட்றைவைப் பிடுங்கினாற் கோப்பு குறைபடலாம். மூன்றாவது, பென் ட்றைவுகளிற் பரவலாக வழங்கும் ஃபாற் 32 அமைப்பு நேரத்தை இரு விநாடிக்கு ஒருமுறையே குறிப்பது. நான்கு கிகாபைற்றை எட்டும் கோப்பை ஏலாதது. நேரத்தை மட்டுங் கொண்டு ஒப்பிட்டால், மாறாத கோப்பும் மாறியதாகத் தோன்றுதல் கூடும்.

நான்காவது, தமிழுக்கே உரியது. 'தோட்டப் பதிவு' என்னும் கோப்புப் பெயரை நோக்குக. ஓகார உயிர்மெய்யின் குறியை யுனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் வழமையான கோப்பு அமைப்புக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இரு தட்டச்சு முறைகளில் இருவர் தந்த பெயர்கள் இரு பலகங்களிலும் ஒருபடித்தாய்த் தோன்றியும், ஒத்திசைவுக் கருவி ஒவ்வொன்றையும் மறுபக்கத்தில் இல்லாததெனக் கூறும். அன்றியும் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைற் கொள்வது. பெயருக்கு 255 பைற் என்னும் எல்லையுள் 85 குறியீடுகளே அடங்கும். எனவே பெயர் சுருக்கமாதலும், ஒரு குழுவினர் ஒரே தட்டச்சு முறையைக் கைக்கொள்ளுதலும் வேண்டும். பாமினி எழுத்துருவில் முன்னாளில் எழுதப்பட்டவை உரோம எழுத்துக்களின் குழப்பமாகத் தோன்றுமாதலின், பொருளற்றவை எனக் கருதி அவற்றை அழித்துவிடலாகாது.

தொகுத்து நோக்குமிடத்து, நினைவகங் குன்றிய கணினிக்கும் மீட்புப் பணிக்கும் மிட்நைற் கொமாண்டரும், கேடிஈ சூழலிற் பெருந்தொகுதிகளை ஒத்திசைப்பதற்குக் க்ருசேடரும், பல முறைமைகள் கலந்து வழங்கும் பாடசாலைக்கு டபிள் கொமாண்டரும் தக்கன எனலாம். வசதிகளின் எண்ணிக்கை தெரிவுக்கு அளவுகோலாகாது. மூலத்தையும் படியையும் ஒருங்கே காட்டி, அழிப்பதன்முன் வினவி, எடுத்தபின் ஒப்புநோக்க உதவுவதே நற்கருவி. அக்கருவியைக் கையாள்வோரிடத்து, ஏடு பெயர்த்த முன்னோரின் பொறுமையும் அமைதல் வேண்டும். தெல்தோட்டையின் ஒரு லயத்திலிருந்து வந்த பிறப்புப் பதிவு நாளை யாருக்கு, எவ்வழக்கிற் பயன்படும் என்பதை இன்று எவரும் கூறவியலாது. அது வேண்டப்படும் நாளில் மூலமழியினும் படியிருக்கச் செய்வதே இப்பணியின் பயனாம்.