சாதா ஸ்டியரிங்கா, பவர் ஸ்டியரிங்கா?
பழைய லோடு வண்டி வாங்கும் வணிகர்கள் கவனத்திற்கு

மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுத்துவர சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் வாடகை மிச்சம், நேரமும் மிச்சம் என்று எண்ணாத மளிகை வியாபாரி இல்லை. புது வண்டிக்குத் தவணை கட்டும் சக்தி எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆகவே நம்மவர்களில் பலர் பழைய பிக்-அப் வண்டிகளைத் தேடிப் போகிறார்கள். என்ஜின் புகை கக்குகிறதா, டயர் எப்படி, எஃப்.சி. எதுவரை என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். ஸ்டியரிங் எந்த வகை என்பதை மட்டும் பலர் கேட்பதில்லை. வண்டி வந்து சேர்ந்த பிறகு, "முதலாளி, இந்த வண்டியை என்னால் ஓட்ட முடியாது" என்று டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போதுதான் அந்த நினைவு வரும்.

சிறிய லோடு வண்டிகளில் பெரிய போட்டி நடந்தது 1980-களில். டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என்று ஜப்பான் கூட்டில் நான்கு வண்டிகள் களத்தில் இறங்கின. 1986-ல் டாட்டா 407 வந்தது. 1988-ல் டாட்டா மொபைல் பிக்-அப் வந்தது. அந்த நாளைய லோடு வண்டிகளில் பெரும்பாலானவை சாதா ஸ்டியரிங்தான். பின்னாளில் பவர் ஸ்டியரிங் வந்தபோது அதை வண்டியின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு ஓடினார்கள்.

பவர் ஸ்டியரிங் ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்ற என்ஜினியர், எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் முறையை 1926-லேயே ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனாலும் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது 1951-ல்தான். கார்க்காரர்கள் சொகுசுக்கு வாங்கிய பொருளின் மூலம் லாரிக்காரரின் தோள்வலி என்பது சுவையான செய்தி.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சாதா ஸ்டியரிங் பாக்ஸுக்குள் திருகுத் தண்டும், அதன்மேல் ஏறி இறங்கும் நட்டும், இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகளும் இருக்கும். டிரைவரின் கைபலம் மட்டுமே சக்கரத்தைத் திருப்புகிறது. அந்த பலம் போதவேண்டும் என்பதற்காக வட்டைப் பெரிதாகச் செய்து, பல சுற்றுச் சுற்றும்படி வைத்திருப்பார்கள். பவர் ஸ்டியரிங்கில் என்ஜினோடு ஓடும் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி அனுப்பி உதவுகிறது. ஆகவே சுற்றும் குறைவு, பலமும் குறைவு.

வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் சாதா ஸ்டியரிங் அவ்வளவு கனமாக இருக்காது. நின்ற இடத்தில் ஒடிப்பதுதான் சிரமம். டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்ப வேண்டியிருப்பதால் தோளும் மணிக்கட்டும் கழன்றுபோகும். எனவே பழைய டிரைவர்கள் வண்டியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டே வட்டைச் சுற்றுவார்கள். புதிதாக வரும் பையனுக்கு முதலில் கற்றுத் தரவேண்டியது இதுதான். இன்னொன்று, கட்டை விரலை வட்டின் கம்பிக்குள் விட்டுப் பிடிக்கக்கூடாது. முன் சக்கரம் பள்ளத்திலோ கல்லிலோ மோதினால் வட்டு வெடுக்கென்று திரும்பி விரலை ஒடித்துவிடும். பவர் ஸ்டியரிங்கில் அந்த அடியை எண்ணெய் பெருமளவு தாங்கிக்கொள்ளும்.

நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குச் சாதா ஸ்டியரிங் ஒரு குறையே அல்ல. பம்ப், பெல்ட், குழாய் என்று கெட்டுப்போக எதுவும் இல்லை. வேளாவேளைக்கு கிரீஸ் அடித்தால் போதும். ஆனால் மதுரை கீழமாசி வீதி போன்ற இடத்தில் தள்ளுவண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே பத்துக் கடைக்குச் சரக்கு இறக்கி, பத்து முறை ரிவர்ஸ் எடுக்கிற வண்டி என்றால் கணக்கே வேறு. டிரைவர் களைத்தால் சந்தில் எதையாவது இடிப்பார். நிலைக்காத டிரைவரால் ஆகும் நஷ்டம் பெல்ட் மாற்றும் செலவைவிட அதிகம் என்பதே எமது கருத்து.

பவர் ஸ்டியரிங்கிலும் வில்லங்கம் உண்டு. முன் டயரில் காற்று இறங்கினால் சாதா ஸ்டியரிங் கனத்து உடனே காட்டிக்கொடுக்கும். பவர் ஸ்டியரிங் அதை மறைத்துவிடும். காலையில் டயரைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடக்கூடாது. ஓட்டத்தில் பெல்ட் அறுந்தாலோ என்ஜின் நின்றாலோ வட்டு கல்லாகிவிடும், சாதா ஸ்டியரிங்கைவிடக் கனமாக. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருட்டும் டிரைவர்கள் இதை மனதில் கொள்ளட்டும். அதோடு, வட்டைக் கடைசிவரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடித்தால் எண்ணெய் சூடேறி பம்ப் கெடும்.

எந்த ஸ்டியரிங் ஆனாலும் மூட்டைகளைப் பின் கதவுப் பக்கம் குவித்தால் முன் சக்கரத்தின் பிடி தளரும். வட்டு இலகுவாகிவிட்டதே என்று டிரைவர் மகிழ்வார். வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின் போன்ற கனச் சரக்கைக் கேபினை ஒட்டியும், அப்பளம், பிஸ்கட் பெட்டிகளைப் பின்னாலும் அடுக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது: சாதா ஸ்டியரிங்கானால் வண்டியை நேராக நிறுத்தி, சக்கரம் அசையாமல் வட்டு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிப்படி இந்த ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பவர் ஸ்டியரிங்கானால் என்ஜின் அணைந்திருக்கையில் வட்டை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கை சட்டென்று இலகுவாக வேண்டும். முனகல் சத்தம், எண்ணெய்க் கசிவு, எண்ணெய் டப்பாவில் நுரை இருந்தால் விலையைக் குறைத்துப் பேச இடமிருக்கிறது.

சாதா ஸ்டியரிங் வண்டியை வாங்கி, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பவர் ஸ்டியரிங் பாக்ஸை மாட்டித் தருவதாகச் சில ஒர்க்-ஷாப்களில் சொல்வதுண்டு. அதே மாடலுக்குக் கம்பெனி பொருத்திய பாகமாக இல்லாவிடில் அந்த வேலையில் இறங்காதீர்கள். செய்வதானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி, ஆர்.சி. புத்தக நகலோடு கடையில் வைத்துக்கொள்ளவும்.