கூதிர்க் காற்றும் ஓயாத கைகளும்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டினைப் பனிக்கென்றே ஒதுக்கினர். முன்பனி, பின்பனி என்பன அவை. அவற்றுக்கு முன்னே, கார்மழையின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருவது கூதிர். வெயிலுக்குப் பெயர்போன தமிழ்நிலத்தார் குளிருக்கு இத்துணை இடமளித்தது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நெடுநல்வாடையைக் காட்டினாற் போதும். அரசியின் மாளிகையையும் அரசனின் பாசறையையும் பாடவந்த நக்கீரர், நம் கண்முன் முதலில் நிறுத்துவது அவ்விரண்டையும் அன்று. மழையில் நனைந்து, கையிலே நெருப்பை ஏந்தி, கன்னம் நடுங்க நிற்கும் ஆயர்களையே அவர் நிறுத்துகிறார். வாடைக்காற்று அரண்மனைக்குள் நுழையுமுன்னர், வெளியிலே நின்று உழைப்பவனின் உடம்பிலேதான் புகுகின்றது என்பதை அப்பெரும் புலவர் அறிந்திருந்தார்.

அப்பாட்டிலே இன்னுமொரு காட்சி உண்டு. குளிரின் மிகுதியால் யாழின் நரம்புகள் தம் இனிய குரலிலிருந்து பிறழ்ந்துவிடுகின்றன. ஆடல் மகளிர் அந்த யாழைக் குறைகூறி ஒதுக்கிவிடவில்லை. தம் மெய்யின் வெம்மையால் நரம்புகளைச் சூடேற்றி, அதன் பின்னரே பண்ணுக்கு இசையும்படி நிறுத்துகின்றனர்.

யாழ் நரம்புக்கு நேர்வது மனிதனின் கைக்கும் நேரும். கையோடு ஒட்டிய மனத்துக்கும் நேரும். குளிரும் இருளும் மிக்க மாதங்களிலே, ஒரே செயலை நாள்தோறும் ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்ய நேரும் தொழிலாளிக்கு ஒருவகைச் சோர்வு உண்டாகின்றது. உடல் அலுப்பு இரவுத் துயிலோடு தீரும். இச்சோர்வோ விடியும்போதே கூட விழித்தெழும். எண்ணெய் வற்றிய விளக்கிலே திரி மட்டும் கருகுவது போன்ற நிலை அது. நியூயோர்க் நகரிலே இலவச மருத்துவ நிலையமொன்றில் உழைத்தோரிடம் இதனைக் கண்ட உளவியலாளர் ஹேர்பேட் புரொய்டன்பேகர், 1974ஆம் ஆண்டு, எரிந்து தீர்தல் என்று பொருள்படும் ஒரு பெயரை இதற்குச் சூட்டி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டிலே இது ஒரு நோயாகக் கொள்ளப்படவில்லை. தொழிற்களத்தின் நெடுநாள் நெருக்கடி தணிக்கப்படாமையால் விளையும் நிலையென்றே வரையறுக்கப்பட்டுள்ளது. ஆற்றல் வற்றுதல், தொழிலின்மீது பற்றறுதல், செய்வது பயனற்றதென எண்ணுதல் என்னும் மூன்றும் அதன் குறிகளாம். சோர்ந்த தொழிலாளியைச் சோம்பேறி என்று இகழ்வோர் இவ்வரையறையைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நன்று. அது காரணத்தைத் தொழிலாளியின் குணத்திலன்றித் தொழிலின் அமைப்பிலேயே தேடுகின்றது.

இனி, பனிக்காலம் இச்சோர்வை ஏன் பெருக்குகின்றது என்று வினவுவோம். முதற் காரணம் ஒளியின் குறைவு. இலையுதிர்காலத்தில் தொடங்கி இளவேனிலில் நீங்கி, ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வரும் மனத்தளர்ச்சியை அமெரிக்காவில் நோர்மன் றோசென்தாலும் அவருடன் பணியாற்றியோரும் 1984ஆம் ஆண்டு விவரித்தனர். பிரகாசமான ஒளியின்முன் நாள்தோறும் சிறிது நேரம் இருத்தினால் அது பலருக்குத் தணிவதையும் அவர்கள் கண்டனர்.

ஆராய்ச்சியாளர் கூறுமுன்னரே இதனை உணர்ந்த ஊரொன்று நோர்வே நாட்டில் உண்டு. றியூக்கன் என்பது அதன் பெயர். நீர்வீழ்ச்சியின் வலிமையால் மின்னாக்கி, உரம் செய்வதற்காக நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலே எழுப்பிய தொழிலாளர் நகரம் அது. செப்டெம்பர் மாத இறுதியிலிருந்து மார்ச் மாதத்தின் நடுப்பகுதிவரை அங்கே வெயில் விழுவதில்லை, மலை மறைத்துவிடும். 1928ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஒரு கம்பிவட ஊர்தியை அமைத்தது. உரமூட்டைகளை ஏற்றுவதற்காக அன்று. மாரிக்காலத்திலே மக்கள் மலைமேல் ஏறிச் சூரியனைக் கண்டு மீள்வதற்காக. மலையிலே கண்ணாடி வைத்து ஒளியைக் கீழே இறக்கவேண்டுமென்று 1913ஆம் ஆண்டிலேயே எழுந்த எண்ணம், நூறாண்டு கழித்து 2013ஆம் ஆண்டில் நிறைவேறியது. நகரின் நடுச்சதுக்கத்துக்கு மேலே ஏறத்தாழ 450 மீற்றர் உயரத்தில் நிற்கும் மூன்று பெருங் கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, அச்சதுக்கத்திலே ஒளியைப் பாய்ச்சுகின்றன. உழைப்பவனுக்குக் கூலியைப் போலவே கதிரவனும் வேண்டும் என்பதை ஒரு நகரம் இவ்வாறு ஒப்புக்கொண்டது.

இரண்டாவது காரணம், செய்ததையே செய்தல். பிரித்தானியாவில் 1918ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொழிற்களைப்பு ஆராய்ச்சிச் சபையின் சார்பிலே வையத், பிரேசர் என்போர் ஒரேவிதமான கைவேலை செய்வோரை ஆராய்ந்து, 1929ஆம் ஆண்டு தம் முடிபுகளை வெளியிட்டனர். சலிப்பைக் குறைக்கும் நிலைமைகளென அவர்கள் கூறியவை ஐந்து: வேலையின் வகையை இடையிடையே மாற்றுதல், செய்த அளவுக்கேற்ப ஊதியம் அளித்தல், முடிவற்ற ஒரே நீட்சியாகத் தோன்றாதபடி வேலையைத் தனித்தனிப் பகுதிகளாக வகுத்தல், தொழிலாளரைத் தனித்திருக்க விடாது சிறு குழுவாக அமர்த்தல், தக்க வேளைகளில் ஓய்வு கொடுத்தல்.

இவ்வைந்தனுட் சிலவற்றை எழுத்தறியாத மக்களும் தம் அனுபவத்தாற் கண்டிருந்தனர். ஸ்கொத்லாந்துக்கு மேற்கே உள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளை எடுத்துக்கொள்வோம். மார்கழி மாதத்திலே அங்கே பகற்பொழுது ஏழு மணித்தியாலத்துக்கும் குறைவு. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி காற்றுப் புகாதபடி இறுகவேண்டுமாயின், அதனை நனைத்துப் பலகையில் அடித்துத் துவைத்தல் வேண்டும். பழைய சிறுநீரிலே ஊறிய அத்துணியைச் சுற்றிப் பெண்கள் பலர் அமர்ந்து, ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குத் தள்ளித் தள்ளி அடிப்பர். நாற்றமும் ஈரமும் நிறைந்த வேலை. ஆயினும் அதற்கென்றே பிறந்தன நூற்றுக்கணக்கான பாடல்கள். ஒருத்தி அடியெடுத்துப் பாட, ஏனையோர் பொருளற்ற இனிய ஒலிகளைப் பல்லவியாக இசைப்பர். துணியின் முதிர்ச்சியைக் கடிகாரத்தால் அளவாது பாட்டின் எண்ணிக்கையால் அளந்தனர். ஒரே இருப்பிலே ஒரு பாட்டை இருமுறை பாடுதல் ஆகாதென்ற நம்பிக்கையும் இருந்தது. கை செய்வதையே செய்யினும், வாய் பாடியதையே பாடலாகாது! சலிப்புக்கு இதனினும் நுட்பமான மருந்தை எவர் கண்டார்? இயந்திரம் வந்தபின் அத்தொழில் மறைந்தது. ஜோன் லோர்ன் காம்பெல், பிரான்சிஸ் கொலின்சன் ஆகியோர் பதிப்பித்த மூன்று தொகுதிகளிலே அப்பாடல்கள் எஞ்சியுள்ளன.

யப்பானிலும் இதனையொத்த வழக்கம் இருந்தது. பனி மூடி வயல் உறங்கும் மாதங்களிலே உழவர் வீட்டை விட்டு, சாக்கே என்னும் அரிசி மது காய்ச்சும் சாலைகளுக்குச் செல்வர். சோற்றையும் பூஞ்சணம் படிந்த அரிசியையும் நீரையும் சிறு தொட்டிகளில் இட்டு, நள்ளிரவுக் குளிரிலே நெடுந்தண்டுகளால் மசிப்பது அவர்தம் வேலைகளுட் கடியது. அதற்கும் பாட்டுண்டு. தூக்கம் ஓட்டவும், தண்டுகள் ஒருமித்து விழவும், எத்துணை நேரம் மசித்தல் வேண்டுமென்பதை அறியவும் பாட்டே துணை.

ஆனால், இவ்விடத்திலே நாம் நின்று சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1909ஆம் ஆண்டில் அந்நாட்டின் மதுவாக்க ஆராய்ச்சி நிலையம், அம்மசிப்பு வேலை தேவையே இல்லையென்று கண்டுபிடித்தது. பூஞ்சணத்திலுள்ள நொதியங்களே, உரிய வெப்பநிலையும் நீரளவும் வாய்க்குமாயின், அரிசியைக் கரைத்துவிடுமாம். தலைமுறை தலைமுறையாக எத்தனையோ உழவர் விறைத்த கைகளோடு பாடிக் கழித்த இரவுகள், பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியவை! பாட்டு அவர்தம் சோர்வை ஆற்றியது உண்மை. அவ்வேலை வேண்டுமா என்ற கேள்வியை அப்பாட்டு எழுப்பவில்லை என்பதும் உண்மையே.

உழைப்பின் பாடலை வியந்து எழுதும் நாம் இதனை மறத்தலாகாது. பாட்டு உழைப்பாளியின் உடைமை. அதனை அவனுக்குரிய கூலிக்கும் போர்வைக்கும் பதிலாக எவரும் எண்ணுதல் தகாது. 1940ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கென்று பி.பி.சி. வானொலி நாளுக்கிருமுறை இசை ஒலிபரப்பத் தொடங்கி, 1967ஆம் ஆண்டுவரை நடத்திற்று. உற்பத்தியைப் பெருக்குதலே அதன் நோக்கம். அது பலருக்கு ஆறுதலளித்திருக்கும். எனினும், தன் வாயிலிருந்து எழும் பாட்டு வேறு. தன் தலைக்குமேல் ஒலிபெருக்கியிலிருந்து இறங்கும் பாட்டு வேறு. முன்னதிலே உழைப்பவன் தன் குறையையும் பாடலாம்.

நம் மலைநாட்டிலே அவ்வாறு பாடினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் அரிதின் முயன்று திரட்டிய மலையக மக்கள் பாடல்களிலே கங்காணியின் கடுமையும் உண்டு, கடனின் சுமையும் உண்டு. அம்மலைநாட்டுக்கே நம் பனிக்காலச் சோர்வும் சொந்தம். கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாப் பகுதியில், தை, மாசி மாதங்களிலே வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். காலையிலே பார்த்தால் தேயிலைத் தளிர் வெந்தது போலக் கருகிக் கிடக்கும்.

1929ஆம் ஆண்டின் அவ்வைந்து விதிகளைக் கொண்டு கொழுந்து பறிக்கும் தொழிலை அளந்துபார்த்தால் ஒரு வியப்பு உண்டாகும். பெண்கள் கூட்டமாகவே நிரையிற் செல்கின்றனர். நாளுக்கு இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படுவதால், வேலை பகுதிகளாகவும் பிரிகின்றது. பறித்த அளவுக்கு ஊதியமும் ஓரளவு தொடர்புடையது. குறித்த நிறை சேர்ந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அப்படியாயின் அவர்கள் சோர்வதேன்? விடை செடியிலே உள்ளது. குளிராலும் வரட்சியாலும் செடி தளிர்ப்பது குறையும்போது, விரல் அதே வேகத்தில் ஓடினாலும் கூடை நிறையாது. செய்த அளவுக்கு ஊதியம் என்பது ஊக்கமாவது, அளவு நம் கையில் இருக்கும்வரைதான். அது வானத்தின் கையிலே இருக்கும் மாதங்களில், அதே விதி தண்டனையாக மாறிவிடுகின்றது. முயற்சிக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பு அறும் அவ்விடத்திலேதான் மனித மனம் எண்ணெய் வற்றுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அப்பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிலே நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். தை மாதத்து அதிகாலை. மகளின் தேர்ச்சி அறிக்கையிலே கையொப்பமிடுவதற்காக, பெரட்டுக்குப் போகும் வழியில் ஒரு தாய் வந்து நின்றார். தலையிலே சாக்கு, இடுப்பிலே படங்கு. கொழுந்துக் கறையேறி வெடித்த விரல்களுக்கிடையே பேனா இருமுறை நழுவி விழுந்தது. என் கை, தயக்கமின்றி, பெருவிரல் அடையாளம் பெறும் மைப்பெட்டியை நோக்கி நீண்டது. அதனைக் கண்ட அவர் முகம் சிறுத்தது.

"எழுதுவேங்க சேர். கை வெறைச்சுப் போச்சு," என்றார்.

பக்கத்திலிருந்த ஆசிரியை தமக்கென ஊற்றிவைத்திருந்த தேநீரை அவரிடம் கொடுத்தார். அவர் அதனை உடனே குடிக்கவில்லை. இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே குவளையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பின்பு குடித்தார், பேனாவை எடுத்தார், தம் பெயரை முழுமையாக, வட்டமான எழுத்துக்களிலே எழுதிவிட்டு, நேரமாகிறதென்று ஓடினார். நான் மைப்பெட்டியை மூடிவைத்தேன். அன்று வகுப்பிலே எனக்குப் பாடம் ஓடவில்லை.

குளிரிலே விறைத்த கையைக் கல்லாத கையென்று எண்ணிய அப்பிழையை, சோர்ந்த மனிதரை நோக்கும்போதெல்லாம் நாம் செய்துவருகின்றோம். பரிகாரங்கள் அரியன அல்ல. ஒரேவிதமான வேலையில் ஈடுபட்டோர், காலை வெயிலிலே சிறிது நேரமேனும் நிற்பதும், நாளைக் கூறுகளாக வகுத்துக்கொள்வதும், களைத்து விழுமுன்னரே ஓய்வதும், தனித்திராது துணையோடு உழைப்பதும் நன்று. ஆனால், தனிமனிதன் செய்யக்கூடியது அவ்வளவே. பனி மாதங்களில் நிறையின் அளவைக் குறைப்பதும், மலையிலேயே சுடுநீரும் தேநீரும் ஒதுங்க ஓரிடமும் அமைப்பதும், வேலையை முறைவைத்து மாற்றுவதும் வேலை கொள்வோரின் கடன். இந்த வேலை இந்த விதமாகத்தான் செய்யப்படவேண்டுமா என்று கேட்பது கற்றோர் அனைவரின் கடன்.

நக்கீரர் காட்டிய அம்மகளிர் யாழை எறியவில்லை; அடித்துத் திருத்தவுமில்லை. முதலிற் சூடேற்றினர்; பின்னரே பண்ணைக் கேட்டனர். உழைக்கும் கைகளிடம் பயனை எதிர்பார்ப்போர் பின்பற்றவேண்டிய முறையும் அதுவே.