சிறு துளி எப்போது பெருவெள்ளம் ஆகும்?

“சிறு துளி பெரு வெள்ளம்” என்பது பழமொழி. சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது இஃது எவரும் ஒப்பும் உண்மை. ஆனால், ஒவ்வொரு துளியும் முந்திய துளியிலும் சிறியதாகி, துளிகள் விழுவது மட்டும் என்றும் ஓயாதிருப்பின், அப்போதும் வெள்ளம் பெருகுமா? அன்றி ஒரு குடமேனும் நிரம்பாமற் போகுமா? நுண்கணிதத்தில் முடிவில்லாத் தொடர்களைப் பற்றிய பகுதியின் தலையாய வினா இதுவே.

நேயர்கள் ஒரு வெறுங்குடத்தை மனத்திற் கொள்க. அதில் முதலில் அரைக்குடம் நீர் வார்க்கப்படுகிறது, அடுத்துக் காற்குடம், பின்னர் அரைக்காற்குடம், அதன்பின் வீசம். ஒவ்வொரு முறையும் எஞ்சிய வெற்றிடத்திற் சரிபாதியே நிரம்புவதால், எத்தனை கோடி முறை வார்த்தாலும் குடம் வழியாது. ஆயினும் நீர்மட்டம் விளிம்பை வேண்டிய அளவுக்கு நெருங்கிவிடும். ஆதலால் இத்தொடரின் கூட்டுத்தொகை 1 என்று கூறுவர். இவ்வாறு ஒரு குறித்த எண்ணை நோக்கிச் சென்று அடங்குவது ஒருங்கு தொடர். அடங்காதது விரி தொடர்.

இனி வேறொரு தொடரைப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று என்று செல்லும் இதற்கு இசைத்தொடர் என்று பெயர். இதன் உறுப்புகளும் தேய்ந்துகொண்டே போகின்றன. முதற் பத்து உறுப்புகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 2.93, நூறு உறுப்புகளின் தொகை 5.19, ஆயிரத்தின் தொகை 7.49, பத்து இலட்சத்தின் தொகையோ 14.39 மட்டுமே. இத்தளர்நடையைக் காண்பவர், இதுவும் எங்கேனும் ஓரிடத்தில் அடங்கிவிடும் என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு.

அத்தவற்றை 1350ஆம் ஆண்டளவில் விளக்கிக் காட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் நிக்கோல் ஒரேம். அவர் காட்டிய வழி மிக எளிது. மூன்றிலொன்றையும் காலையும் சேர்த்தால் அரையிலும் கூடும். ஏனெனில் இரண்டு கால்களே அரையாகும், மூன்றிலொன்றோ காலினும் பெரிது. அடுத்த நான்கு உறுப்புகள் ஐந்திலொன்று முதல் எட்டிலொன்று வரையுள்ளவை. அவற்றுள் ஒன்றும் அரைக்காலிற் குறைந்ததன்று. ஆகவே அவை நான்கும் சேர்ந்து அரையிலும் கூடும். அதற்கடுத்த எட்டும், அதன்பின் வரும் பதினாறும் அவ்வாறே. இங்ஙனம் அரை அரையாக முடிவின்றி வந்து சேரும்போது, எந்தக் குடத்தைத்தான் நிரப்ப முடியாது? ஆகவே இசைத்தொடர் விரி தொடரே. எனினும் அதன் தொகை 20ஐத் தாண்டுவதற்கு 27 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் வேண்டும்.

கூட்டும் வேலையை இயந்திரத்திடம் விட்டால் என்ன என்று சிலர் வினவக்கூடும். ஏறத்தாழ ஏழு இலக்க நுட்பத்துடன் மட்டும் எண்களைப் பேணும் முறையில், இத்தொடரை முதலிலிருந்து வரிசையாகக் கூட்டுமாறு ஒரு கணினியைப் பணித்தால், சுமார் 21 இலட்சம் உறுப்புகளுக்குப் பின்னர் தொகை 15.4 அளவில் அசையாது நின்றுவிடும். தொடர் அடங்கிவிட்டது என்பது அதன் பொருளன்று. புதிதாக வரும் உறுப்பு, இயந்திரம் பேணும் கடைசி இலக்கத்தையும் மாற்ற இயலாதவாறு சிறுத்துவிட்டது என்பதே காரணம். கூட்டிப் பார்ப்பது வேறு, சோதித்து அறிவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சோதனைகள் யாவை? முதலாவது, உறுப்புகள் பூச்சியத்தை நோக்கித் தேயாவிடின் தொடர் ஒருங்காது. தேய்ந்தாலும் ஒருங்கும் என்பது உறுதியன்று. இதை இசைத்தொடர் காட்டிவிட்டது. இரண்டாவது விகிதச் சோதனை. நேர் உறுப்புகளைக் கொண்ட தொடரில், ஓர் உறுப்பை அதற்கு முந்திய உறுப்பால் வகுக்க வரும் விகிதம் முடிவில் 1இலும் சிறிய எண்ணொன்றை அணுகினால் தொடர் ஒருங்கும். 1இலும் பெரிய எண்ணை அணுகினால் விரியும். குடத்தில் வார்த்த நீருக்கு அவ்விகிதம் அரை. ஆனால் விகிதம் 1ஐயே அணுகுமாயின் இச்சோதனை வாய் திறவாது.

அப்போது கைகொடுப்பது ஒப்பீட்டுச் சோதனை. ஒன்று, நாலிலொன்று, ஒன்பதிலொன்று, பதினாறிலொன்று என்று வர்க்கங்களால் அமைந்த தொடரை எடுத்துக்கொள்க. நாலிலொன்று என்பது ஒன்றுக்கும் அரைக்கும் உள்ள வேறுபாட்டிலும் சிறிது. ஒன்பதிலொன்று அரைக்கும் மூன்றிலொன்றுக்கும் உள்ள வேறுபாட்டிலும் சிறிது. இவ்வேறுபாடுகளை அடுக்கிக் கூட்டினால் நடுவிலுள்ளவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தொகை 1ஐத் தாண்டாது. ஆகவே முழுத்தொடரும் 2க்குள் அடங்கும். அதன் சரியான தொகை பையின் வர்க்கத்தில் ஆறிலொரு பங்கு, ஏறத்தாழ 1.645, என்பதை ஒயிலர் 1734ஆம் ஆண்டிற் கண்டறிந்தார்.

கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் தொடர்களுக்கு விதி வேறு. உறுப்புகள் இடையறாது குறைந்து பூச்சியத்தை அணுகினால் அவை ஒருங்கும். ஒன்றிலிருந்து மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்துச் செல்லும் தொடர் பையின் காற்பங்கைத் தருகிறது. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் இலைபினிற்சு கண்ட இதனை, அதற்கு முன்னரே கேரளத்துச் சங்கமக்கிராமத்து மாதவன் அறிந்திருந்தார் என்பது அவர் மரபினர் நூல்களால் தெரிகிறது. இத்தொடர் ஒருங்கினும் ஆமை வேகத்திலேயே ஒருங்கும். ஆயிரம் உறுப்புகளைக் கூட்டியும் பையின் மூன்றாம் தசமத்திலேயே பிழை நிற்கும். அதனால் அம்மரபினர், இடையில் நிறுத்தியவுடன் சேர்க்கவேண்டிய திருத்தத்தையும் வகுத்து வைத்தனர்.

கோசி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1821இல் வெளியிட்ட பாடநூலில், விரி தொடருக்குக் கூட்டுத்தொகை இல்லை என்று வரையறுத்தார். ஒருங்குமா என்று முதலிற் கேட்டல், எவ்வளவு என்று பின்னர்க் கேட்டல் என்னும் ஒழுங்கு அதனால் நிலைபெற்றது. துளி சிறுத்துவிட்டது என்பதனால் வெள்ளம் வராது என்று துணிபவரும், துளி ஓயவில்லை என்பதனால் வெள்ளம் வந்தே தீரும் என்று அஞ்சுபவரும் ஒருங்கே ஏமாறுவர். துளி எவ்வளவு விரைவாகச் சிறுக்கிறது என்பதை அளந்து பார்ப்பவரே உண்மையை அறிவர்.