முகம் காணாத மருத்துவர்



வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வீடு சந்திக்கச் செல்லுகையில் நாம் பலமுறை கேட்ட கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. முகம் வெளுத்து, உடலில் காரணமின்றிக் கன்றிய தடங்கள் தோன்றுகின்றன. எலும்பில் ஊசி செலுத்தி மச்சையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். "பச்சைப் பிள்ளையை எதற்குச் சாமி இப்படி வதைக்க வேண்டும்?" என்று தாய் கண்ணீர் வடிக்கிறாள்.

அம்மச்சையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயின் பெயரைச் சொல்பவர் நோய்க்குறியியல் வல்லுநர். தாய் அவருடைய முகத்தைக் காண்பதில்லை. ஆயினும் பிள்ளைக்குரிய சிகிச்சை அவர் சொல்லைக் கொண்டே அமைகின்றது. அத்தகைய ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகிறோம். சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவருக்கும் அதில் பங்குண்டு.

சிட்னி ஃபார்பர் 1903-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர், செல்வமோ குறைவு. ஜெர்மனியில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, ஹார்வர்டில் 1927-இல் பட்டம் பெற்றார். 1929-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் முதல் முழுநேர நோய்க்குறியியல் மருத்துவரானார். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்ந்து சாவின் காரணத்தை அறிவதே அவருக்கு நாள்தோறும் வாய்த்த பணி. பிரேதப் பரிசோதனை முறைகளைப் பற்றி அவர் நூலும் எழுதினார். காரணம் அறிந்தும் காக்க வழியில்லையே என்னும் ஏக்கம் அவரை விடவில்லை. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அக்காலத்தில் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்தனர்.

இரத்தம் ஊறத் துணைசெய்யும் ஃபோலிக் அமிலத்தின் வகைகளை அக்குழந்தைகளுக்கு அவர் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைந்து பெருகியது. இறந்தோரின் மச்சையை ஆராய்ந்தபோது அவ்வுண்மை அவருக்குத் தெளிவாயிற்று. வேறொருவர் மனமொடிந்து நின்றிருப்பார். அவரோ, "இது நோய்க்கு உணவாகுமெனில், இதற்குப் பகையான பொருள் நோயைப் பட்டினி போடாதோ?" என எண்ணினார்.

அப்பகைப் பொருளைத் தந்தது எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பாரின் ஆய்வுக்குழு. 1895-இல் பீமவரத்தில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதருடுத்தியமையால் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்தை இழந்தவர். உடன்பிறந்தாரை ஸ்புரூ எனும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை உருவாக்கும் பணியை அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்தினார். அதற்குப் பகையான அமினோப்டெரினும் அங்கேதான் பிறந்தது.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டும் தலைதூக்கியது. எனினும் அசையாதெனக் கருதிய மதில் முதன்முறை அசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் தாய்நாடு திரும்பாமல் காலமானார்.

ஃபார்பரின் கருத்து மருந்தோடு நிற்கவில்லை. குழந்தையின் உடலோடு உள்ளத்தையும், குடும்பத்தின் பணக்கவலையையும் ஒரே கூரையின்கீழ்க் கவனிக்க வேண்டும் என்றார். 1947-இல் அவர் நிறுவிய அமைப்பே இன்று டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையமாக விளங்குகிறது. 1973-இல் அவர் மறைந்தார்.

அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்குத் தரப்படுகிறது. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், வளம் மிக்க நாடுகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர். நம் நாட்டிலும் பலர் குணமடைகின்றனர். காலந்தாழ்த்தி வருவதும், சற்றே தெளிந்தவுடன் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதுமே பல பிள்ளைகளை நம்மிடமிருந்து பறிக்கின்றன.

ஆகவே, தாய்மாரே, அந்த ஊசி வதையன்று. அது முகம் காணாத மருத்துவரிடம் உங்கள் பிள்ளைக்காக நீங்கள் கேட்கும் கேள்வி. மன்றாட்டும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எங்கோ இறந்த குழந்தைகள் விட்டுச்சென்ற விடை, இங்கே உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. அதைப் பெறத் தயங்காதீர்கள்.