எடையே இல்லாமல் ஓர் அழுத்தம்

பந்தயக் கார் வேகமாக ஓட வேண்டுமானால் என்ன செய்யலாம்? "பெரிய எஞ்சினை மாட்டலாம்!" என்பீர்கள். இங்கிலாந்தில் லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன் வேறு மாதிரி யோசித்தார். அவர் லண்டனில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை மாற்றியமைத்துத் தன் முதல் காரைச் செய்தார். கட்டடத்தில் எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போடுவார்கள் அல்லவா? காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் அப்படிக் கணக்குப் போட்டார். வேலை செய்யாத பாகத்துக்கு அவர் காரில் இடமில்லை.

எஞ்சின் பெரிதானால் நேர்ப்பாதையில்தான் லாபம். எடை குறைந்தாலோ கார் சட்டென்று வேகமெடுக்கும், பிரேக் போட்டதும் அடங்கும், வளைவில் லேசாகத் திரும்பும். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற குட்டிக் காரை, இன்றும் கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் ஏறக்குறைய அதே உருவத்தில் செய்துவருகிறது. 1996-இல் வந்த எலீஸ் காரின் சட்டகம் அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. அதன் எடை சுமார் 68 கிலோதான்!

பந்தயக் கார்களுக்கு அந்தக் காலத்தில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு கட்டி, மேலே தகடு போர்த்துவார்கள். 1962-இல் வந்த லோட்டஸ் 25-இல் குழாய்க் கூடே கிடையாது. தகட்டு உடம்பே பாரத்தைத் தாங்கியது. மறு ஆண்டு அந்தக் காரில் ஜிம் கிளார்க் 10 பந்தயங்களில் 7-ஐ வென்று ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார். ஆனால், எடைக் குறைப்பில் ஆபத்தும் இருந்தது. 1960-இல் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்று, அவருடைய இரண்டு கால்களும் முறிந்தன. இதையும் நாம் மறக்கக் கூடாது.

இப்போது ஒரு சிக்கல். வளைவில் கார் வழுக்காமல் இருக்க, டயர் தரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். அதற்காக எடையை ஏற்றினால் நிலைமமும் சேர்ந்து கூடும். நேராகவே போக முயலும் காரைத் திருப்புவது கடினமாகிவிடும். எடை கூடாமல் அழுத்தம் மட்டும் வேண்டும். அதை யார் தருவார்?

காற்று தரும். இரண்டு தாள்களை முகத்துக்கு முன்னால் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, நடுவில் ஊதிப் பாருங்கள். தாள்கள் விலகாது, நெருங்கும்! வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைவு. வெளியே இருக்கும் காற்று தாள்களை உள்ளே தள்ளுகிறது. காருக்கும் தரைக்கும் நடுவே காற்று வேகமாக ஓடினாலும் இப்படித்தான்.

1970-களில் லோட்டஸ் பொறியாளர் பீட்டர் ரைட், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில், ஒரு மாதிரிக் காரைச் சோதித்தார். அதன் பக்கப் பகுதிகள் தொய்ந்து தரையை நெருங்கியபோது, காரைக் கீழே இழுக்கும் விசை கூடியது. பக்கத்து இடைவெளியை அட்டையால் அடைத்தார்கள். விசை இன்னும் எகிறியது! ஒரு தொய்வை இவ்வளவு கூர்ந்து கவனித்தாரே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்படிப் பிறந்ததுதான் லோட்டஸ் 79. அதன் அடிப்பகுதி, தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கையின் வடிவம் கொண்டது. பக்கங்களில் தரையை உரசியபடி மேலும் கீழும் நகரும் தடுப்புகள். 1978-இல் மாரியோ ஆன்ட்ரெட்டியை அது உலக சாம்பியன் ஆக்கியது.

தடுப்பு எங்காவது சிக்கிக்கொண்டால் காற்று உள்ளே புகுந்து, பிடிப்பு நொடியில் போய்விடும். அதனால் நகரும் தடுப்புகளை 1981-இல் தடை செய்தார்கள். 1983-இல் அடிப்பகுதியே தட்டையாக இருக்க வேண்டும் என்றார்கள். 2022-இல் புதிய விதிகளோடு அந்த வளைந்த அடிப்பகுதி ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பியது. உடனே பல கார்கள் நேர்ப்பாதையில் துள்ளத் தொடங்கின. விசை இழுக்க இழுக்கக் கார் தரையை நெருங்கும், மிக நெருங்கியதும் காற்றோட்டம் தடைபட்டு விசை குறையும், கார் மேலெழும், மறுபடி இழுபடும். 1979-இல் லோட்டஸ் 80-உம் இப்படித்தான் துள்ளியது. அதைச் சரிசெய்ய முடியாமல், சில பந்தயங்களிலேயே ஓரங்கட்டிவிட்டார்கள்.