எச்-ராஸ் பரம்பரையலகும் வாய்ப்புற்றுநோயும்

நோயைப் பரம்பரையின் வினைப்பயனாகக் காணும் மனோபாவம் நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. 'பரம்பரையலகு' என்ற சொல்லே அம்மயக்கத்துக்குத் துணைபோகின்றது எனலாம். வாய்ப்புற்றுநோயில் எச்-ராஸ் பரம்பரையலகு பெறும் இடத்தை நோக்குமிடத்து இக்கருத்தின் போதாமை புலனாகும்.

பதினோராம் நிறமூர்த்தத்திலுள்ள இப்பரம்பரையலகு, 189 அமினோவமிலங்களாலான புரதமொன்றை ஆக்குகின்றது. கலமென்சவ்வின் உட்புறத்தே ஒட்டிநிற்கும் அப்புரதம், வளருமாறு புறத்திலிருந்து வரும் சைகையைக் கருவை நோக்கிக் கடத்தும் தொடரில் ஒரு வாயில் போன்றது. ஜி.ரி.பி. என்னும் மூலக்கூற்றைப் பற்றியிருக்கும்போது வாயில் திறந்திருக்கும். அம்மூலக்கூற்றின் ஒரு பொசுபேற்று வெட்டப்பட்டதும் மூடிக்கொள்ளும். திறப்பதைப் போன்றே மூடுவதும் முக்கியம். மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கலங்களில் இப்பரம்பரையலகின் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தமை 1982இல் கண்டறியப்பட்டது. அதனால் 12ஆம் இடத்துக் கிளைசீன் வலீனாயிற்று. வெட்டும் ஆற்றல் குன்றியது. வாயில் திறந்தபடியே நின்றது. புற்று உருவாக வேறு மாற்றங்களும் சேரவேண்டும் என்பது உண்மையே.

இத்தகைய விகாரம் புற்றுநோயாளரிடத்துப் பெரும்பாலும் பெற்றோர் வழி வருவதன்று. வாழ்நாளில் உடற்கலத்தில் நேர்வது. 1991இல் வெளியான இந்திய ஆய்வொன்று, புகையிலை மெல்லுதலோடு தொடர்புடைய 57 வாய்ப்புற்றுக்களில் 20இல் எச்-ராஸ் விகாரத்தைக் கண்டது. மேலைநாட்டு வாய்ப்புற்றுக்களில் அது மிகக் குறைவு. இவ்வேறுபாட்டை விளக்க இரத்த வழியை ஆராய்வதிலும் வெற்றிலைத் தட்டத்தை ஆராய்வதே பொருத்தம். புகையிலையின்றியும் பாக்கு புற்றுநோயை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் ஏற்றுக்கொண்டது.

மயிலிட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒருபுறம் கடல். மறுபுறம் வலிகாமத்துச் செம்மண். யாழ்ப்பாணப் புகையிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான பெரும் பண்டம். இரவெல்லாம் கடலில் விழித்திருப்பவனுக்கு வெற்றிலைக் கூட்டு உறக்கத்தையும் பசியையும் ஒருங்கே தள்ளிவைக்கும் மலிவான துணை. அதை வெறும் 'கெட்ட பழக்கம்' என ஒதுக்குவோர் உழைப்பின் நிலைமைகளை மறந்துவிடுகின்றனர். 1990இல் இடம்பெயர்ந்த இவ்வூரவருக்குத் துறைமுகம் மீண்டது 2017இலேயே. அதற்கிடையில், 2013இல், அயலூரான தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டிருந்தது.

ஆயினும் வைத்தியசாலை வாசலை அடையும்போது நோய் முற்றியிருந்தால் பயன் குறைவு. வாயினுள் தோன்றும் வெண்படலத்தையும் செம்படலத்தையும் காண ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சிறு கண்ணாடியும் கைவிளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். ஆனால் இரவுத்தொழில் முடித்தவர் உறங்கும் பகற்பொழுதிலேயே சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. பரிசோதனை, வள்ளங்கள் கரைசேரும் காலையில், துறைமுகத்துக்கே வருதல் வேண்டும்.